வெடிக்கு அசையாத நாய்

எந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் அச்சைப் பார்ப்பது என் வழக்கம். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடித்தே தலை நரைத்தவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? விருதுநகரில் அந்தக் கால்நடை டாக்டரம்மா ஒரு ஃபைலை நீட்டியதும் விரலால் தடவிப் பார்த்தேன். கனமான அட்டை, நாலு கலர், மேலே மேட் லேமினேஷன். ஓரத்தில் தங்கக் கோடு வேறு. இந்தத் தங்கக் கோட்டுக்கெல்லாம் காசு யார் தலையில் விடியும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருந்த பட்டியலை அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

காதைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அதற்கு மயக்க ஊசி. மயக்க ஊசியைத் தாங்குமா என்று பார்க்க ரத்தப் பரிசோதனை. காதிலிருந்து அழுக்கெடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அதெல்லாம் முடிந்தபிறகு சென்னைக்குக் கூட்டிப்போய், தலையில் வயரை ஒட்டி, சத்தம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் ஒன்று. நான் போனது, கடிக்கிற நாய்க்குக் கோபம் தணிய ஓர் ஊசி போடச் சொல்லி. அவர் சொன்னது, நாய்க்குக் காது கேட்கவில்லை என்று.

எனக்கு வந்த கோபத்துக்கு முன்கதை உண்டு. அது குட்டியாக இருந்தபோது ஒருமுறை வயிற்றால் போனது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் பெரிய டாக்டர் வந்து, கண்டதைத் தின்றிருக்கிறது, தயிர்ச்சோறு கொடுங்கள் என்றார். அந்தப் பில்லுக்கு என் அச்சு மெஷினுக்கு இரண்டு ரப்பர் பிளாங்கெட் வாங்கிப் போட்டிருக்கலாம். தயிர்ச்சோற்றை என் மனைவி முதல் நாளே சொன்னாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். நான் அன்றிலிருந்து எந்த நாய் டாக்டர் வாயைத் திறந்தாலும் மனதுக்குள் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்தேன்.

நாயைப் பற்றிச் சொல்லவேண்டும். ராஜபாளையத்து நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. விற்றவர் கையில் கொடுக்கும்போதே எச்சரித்தார்: "அண்ணாச்சி, இந்தச் சாதி நாயி ஊரு பேச்செல்லாம் கேக்காது. வீட்டுல ஒரே ஒரு ஆளு சொல்லத்தான் கேக்கும். அது யாருன்னு அதுவே முடிவு பண்ணிக்கிடும்." இதை எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். நாங்களும் நம்பினோம். நான் கூப்பிட்டால் அது திரும்பாது. சரி, இது என் மனைவியின் நாய் என்று விட்டுவிட்டேன். அவள் கூப்பிட்டாலும் திரும்பாது. சரி, இது அவர் நாய் என்று அவள் நினைத்திருக்கிறாள். இப்படி எட்டு மாதம், ஒருவர் மேல் ஒருவர் லேசான பொறாமையோடு, ஒரே நாயை வளர்த்தோம். ஒருநாளாவது உட்கார்ந்து, உன் பேச்சைக் கேட்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெருமைக்கு மட்டும் குறைவில்லை. எங்கள் ஊரில் வருடம் முழுக்க எங்கேயாவது வெடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் தீபாவளியன்று மற்ற வீட்டு நாய்கள் கட்டிலுக்கடியிலும் காருக்கடியிலும் ஒடுங்கிக்கிடக்கும். எங்களுடையது நடுத்தெருவில் கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்திலேயே பத்தாயிரம் வாலா போட்டார்கள். கொட்டாவி விட்டது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "சிவகாசித் தண்ணி குடிச்ச நாயில்ல" என்று நான் வாய் கிழியப் பேசினேன். இதை எழுதும்போது என்னையே நான்கு அறை அறையலாம்போல் இருக்கிறது.

பிறகுதான் கடிக்க ஆரம்பித்தது. தூங்கும்போது முதுகைத் தடவிய என் மனைவியின் புறங்கையில் பல்லைப் பதித்தது. கடித்த மறுநொடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டியது. அடுத்து, வீட்டை ஒட்டிய என் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிற அம்மாள், பின்னாலிருந்து அதன் மேலாகத் தாண்டிப் போனபோது கெண்டைக்காலில். அதற்குப் பிறகுதான் விருதுநகர் போனது, அந்தத் தங்கக் கோட்டு ஃபைல் எல்லாம்.

நான் டாக்டரம்மாவிடம் விடவில்லை.

"சிவகாசியில வெடிக்கு அசையாத நாயி இது ஒண்ணுதான் மேடம். இதப் போயி காது கேக்கலங்கிறீகளே?"

"சார், அதத்தான் நானும் சொல்றேன்" என்றார்.

பார்த்தீர்களா, நாம் எதைச் சொன்னாலும் அதையே டெஸ்ட்டுக்குக் காரணமாக்கிவிடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. கையிலிருந்த துருப்புச்சீட்டை இறக்கினேன். அச்சகத்தில் மெஷின் ஓடும்போது பக்கத்தில் வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்திருக்கும். மெஷினை நிறுத்திய அந்த நொடி எழுந்து நின்று பார்க்கும். காது கேட்காத நாய்க்கு மெஷின் நின்றது எப்படித் தெரியும்?

"தரை அதிரும்ல சார். அது நின்னா வயித்துல தெரியும்."

வாய்க்கு வாய் பதில் வைத்திருந்தார். எனக்கு அதுவே சந்தேகமாகப் பட்டது. இருபது வருடம் மை விற்கிற ஏஜெண்டுகளோடு மல்லுக்கு நின்றவன் நான். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறவன் சரக்கு மட்டமாகத்தான் இருக்கும் என்பது என் கணக்கு. கன்சல்டிங் ஃபீஸை மேஜையில் வைத்துவிட்டு ஃபைலை அங்கேயே விட்டு வந்தேன். அட்டை நல்ல அட்டை. அதை விட்டுவந்ததில்தான் கொஞ்சம் வருத்தம்.

வீட்டில் அன்று சண்டை. "அவுக சொல்ற டெஸ்ட்டப் பாத்தாத்தான் என்னங்க?" என்றாள் மனைவி. "தயிர்ச்சோறுன்னு சொல்றதுக்குச் சென்னை வரைக்கும் போகணுமா?" என்றேன் நான். அப்படியானால் ஒரு முடிவு சொல்லுங்கள், பைண்டிங் அம்மாள் வேலைக்கு வரப் பயப்படுகிறாள் என்றாள். ஊசியும் இல்லை, டெஸ்ட்டும் இல்லையென்றால் கடிக்கிற நாயை வீட்டில் வைத்திருக்க முடியாதுதான். பதில் இல்லாதபோது குரலை உயர்த்துவது என் பழக்கம். உயர்த்தினேன். நாய் எங்கள் இருவருக்கும் நடுவில் நிம்மதியாகத் தூங்கியது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

மனைவியின் தம்பிக்குத் தாயில்பட்டிப் பக்கம் ஒரு சிறிய பட்டாசு யூனிட் இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அவன் துள்ளிக் குதித்தான். "அத்தான், எனக்குக் குடுங்க. அங்கன ரெண்டு நாயி வச்சுப் பாத்தேன், மொத வெடியிலயே ரெண்டும் காட்டுக்குள்ள ஓடிருச்சு. இது மாதிரி ஒண்ணத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்." கடிக்கிற குணமும் காவலுக்கு நல்லதுதானாம். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத் தெரிந்தது. ஒரு பைசா செலவில்லை. அவனுடைய வேனில் நாயை ஏற்றும்போது அது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எப்போதும் அது அப்படித்தான், முகத்தையே பார்க்கும். என்ன பாசம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மாதம் கழித்து லேபிள் ப்ரூஃப் காட்டுவதற்காகத் தாயில்பட்டி போனேன். போன நேரம், வெளியூர் வியாபாரி ஒருவருக்குச் சரக்கை வெடித்துக் காட்டிக்கொண்டிருந்தான் மைத்துனன். யூனிட்டுக்கு வெளியே, கேட்டைத் தாண்டிய பொட்டல். கேட்டருகே உடைமர நிழலில் நாய் படுத்திருந்தது. முதுகு எங்கள் பக்கம்.

ஒரு பெரிய சரத்தைப் பற்றவைத்தார்கள். வியாபாரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. தூரத்தில் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின. நாய் அப்படியே கிடந்தது.

"பாத்தீகளா அத்தான்! அசையுதான்னு பாருங்க!" என்று மைத்துனன் வியாபாரிக்கும் கேட்கும்படி கத்தினான்.

நான் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு முன்பு நடுத்தெருவில் பார்த்த அதே காட்சிதான். ஆனால் இந்த முறை என் கண் எப்படியோ அதன் காதுக்குப் போனது. தைரியமான நாய் ஓடாமல் இருக்கலாம், எழாமல்கூட இருக்கலாம். காது மடல் திரும்பாமல் இருக்குமா? வெடிக்கே பிறந்த எனக்கே தோள் ஒருமுறை குலுங்கியது. அந்த இரண்டு மடலும் காய்ந்த வெற்றிலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

புகை அடங்கும்வரை காத்திருந்து, பின்பக்கமாகப் போய் நின்றேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கைதட்டினேன். கேட்டில் கிடந்த தகர மூடியைக் கல்லால் தட்டினேன். மயக்க ஊசி இல்லை, லேப் இல்லை, சென்னை இல்லை. அரை நிமிடத்தில் டெஸ்ட் முடிந்துவிட்டது.

கேட்டிலிருந்த வாட்ச்மேன் பதறி ஓடிவந்தார். "அய்யா, பின்னால நிக்காதீக! முன்னாடி வாங்க. தொட்டா பதறிக் கடிச்சிரும். அதுக்குக் காது கேக்காதுல்ல."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வந்த அன்னைக்கே தெரியுமே. சோத்துத் தட்டு கையில இருந்து விழுந்துச்சு, திரும்பல."

"பெறகு ஏன் யார்ட்டயும் சொல்லல?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நீங்க வளத்த நாயி. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

கம்பை எடுத்து அதன் வயிற்றருகே தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். நாய் கண்ணைத் திறந்து, தலையைத் தூக்கி, சுற்றிப் பார்த்து, அவரைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. எழுந்து வந்து என் வேட்டியில் மூக்கைத் தேய்த்தது. லோடு ஏற்ற வருகிற லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு தடவை சக்கரத்துக்குக் கிட்டே போய்விட்டதாகவும், ஹாரன் அடித்தும் நகராததால் இவர்தான் இழுத்துப்போட்டதாகவும் வாட்ச்மேன் சொன்னார். அவர் முன்னால் அழக்கூடாது என்று மைத்துனன் மேல் எரிந்து விழுந்தேன். ப்ரூஃபை அவன் கையில் திணித்துவிட்டு, நாயைக் காரில் ஏற்றினேன். "அத்தான், நல்ல காவல் நாயி அத்தான்" என்று பின்னாலேயே வந்தான். "காது கேக்காத நாயி என்னத்தலே காவல் காக்கும்?" என்றேன்.

நேரே வீட்டுக்குப் போகாமல் விருதுநகருக்கு வண்டியை விட்டேன். டாக்டரம்மா என்னை மறக்கவில்லை. மறக்கக்கூடிய ஆளாக நான் நடந்துகொள்ளவும் இல்லை.

"இப்ப அந்த டெஸ்ட்ட எடுத்தா காது வந்துருமா?" என்றேன்.

"வராது. பெரும்பாலும் பொறவியிலயே இருந்திருக்கும். வெள்ளை நாய்ங்களுக்கு இது வர்றதுதான்."

"வராதுன்னா அம்புட்டு டெஸ்ட்ட எதுக்கு எழுதுனீக?"

"அழுக்கோ சீழோ இருந்தா அத எடுத்துச் சரி பண்ணலாமான்னு பார்க்கத்தான் மத்ததெல்லாம். சென்னை டெஸ்ட் நாய்க்கு இல்ல சார். வாயால சொன்னா நீங்க நம்பல. ரிப்போர்ட்டா அச்சடிச்சுக் குடுத்தா நம்புவீங்கன்னு நெனச்சேன்."

அச்சடித்தே பிழைக்கிற என்னிடம் போய், அச்சடித்துக் கொடுத்தால் நம்புவேன் என்கிறார். பேசி முடித்ததும் அவர் ஒரு காது மருந்தும் சத்து மாத்திரையும் எழுதினார். காது கேட்காத நாய்க்குச் சத்து மாத்திரை எதற்கு என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வாங்கினேன். காசு பிடுங்குகிறார்கள் என்ற என் எண்ணம் முழுக்கத் தப்பு என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காசு பிடுங்குகிறவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் என் மண்டையில் ஏறவில்லை. விலை சரியா என்று சண்டை போட்டேனே தவிர, நாய்க்குக் காது கேட்கிறதா என்று வீட்டில் ஒரு தட்டைத் தட்டிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது மனைவி ஓடிவந்தாள். நான் விவரம் சொல்லுமுன்பே, ஒரு மாதமாகப் பார்க்காத ஆசையில், அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அது காரிலிருந்து இறங்கி வாசல் கல்லில் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிச் சுவரை மோந்துகொண்டிருந்தது. அவள் முகம் வாடியது. "என்னய மறந்துருச்சு பாருங்க" என்றாள்.

நல்ல பெயர்தான் வைத்திருந்தோம். இரண்டு நாள் யோசித்து வைத்த பெயர். கொஞ்சும்போது ஒரு மாதிரி, திட்டும்போது ஒரு மாதிரி, எட்டு மாதம் வீடு முழுக்க அந்தப் பெயர்தான். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அதற்கே தெரியாத பெயர்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் கல்லில் காலால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பிப் பார்த்தது.