பகலில் திறக்காத பக்கம்

ஜன்னலைச் சாத்துகிறாள், மின்விசிறியைக் கூட்டி வைக்கிறாள். பேச்சு வெளியே கேட்கக் கூடாதாம். லேப்டாப் கேமராவின் மேல் குருவி வெடி லேபிள் ஒட்டியிருக்கிறது. "யாருகிட்டயெல்லாம் சொல்லிட்டு வந்தீக?" என்று ஓவியா கேட்பது இது மூன்றாம் முறை. பத்திரிகைக்குப் பேட்டி எடுக்க வந்தது நானா, அவளா?

வெம்பக்கோட்டைப் பெண். அம்மா சண்முகத்தாய் பட்டாசுத் தொழிலாளி. சித்தி கற்பகவல்லியும் அப்படித்தான். போன வருஷ வெடிவிபத்தில் இறந்துபோனார். வெடித்த அறையில் அளவுக்கு மீறி ஆள் உட்கார வைத்திருந்தார்கள் என்று தப்பிய பெண்கள் சொன்னதை ஓர் இணையதளம் போட்டது. மறுநாள் அந்தச் செய்தியைக் காணோம். ஆலை முதலாளி வேலைதான் என்கிறாள்.

அன்றிலிருந்து ஒரு செயலி எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் போடும் பக்கம் எந்தக் கம்பெனியின் கணினியிலும் குடியிருக்காது. செயலி வைத்திருப்பவர்களின் போன்களிலேயே ஆளுக்கொரு பிரதியாக இருக்கும். ஒருவர் நினைத்தால் அழித்துவிட முடியாது. அம்மாவும் கூட வேலை பார்க்கும் பெண்களும் வைத்திருக்கிறார்கள். "என் மிசின்லயும் போன்லயும் ஒரு எழுத்து கெடையாது சார். நாளைக்கே தூக்கிட்டுப் போயிட்டா?"

தப்பிய பெண்கள் சொன்னதை ஏற்றியிருக்கும் பக்கத்தை எனக்குத் திறந்து காட்டப் பார்த்தாள். உச்சிப்பொழுது. பக்கம் வரவேயில்லை.

"பாத்தீகளா! பகல்ல அமுக்கிருதாக, சாயங்காலம் விட்டுருதாக. சூலக்கரை கலெக்டர் ஆபீசுல விபத்த விசாரிக்கிற ஆபீசரு பகல்லதான பாப்பாரு? ஒண்ணுமே இல்லன்னு எழுதி முடிச்சிருவாரு. எங்க சித்தி செத்ததுக்குக் கேள்வியே இல்லாமப் போயிரும்." நெட் கம்பெனி மேல் சந்தேகம், எதிர்வீட்டுக்காரர் மேல் சந்தேகம், கடைசியில் பார்வை என் மேல் வந்து நின்றது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் அவள் மேல் சந்தேகம்தான். இப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை கதை விடுகிறாளா?

அம்மாவின் போனில் வருகிறதா என்று கேட்டுப் பாரேன் என்றேன்.

"அதெப்படி? ஆலை கேட்டுலயே அணைச்சு வாங்கி வச்சுக்கிடுவாக. வெடிமருந்து இருக்க எடத்துல போன விடுவாகளா? எல்லாரு போனும் சாயங்காலம் வரைக்கும் அங்கனதான்..." நிறுத்தினாள். தலையில் அடித்துக்கொண்டாள். "அட கூறுகெட்டவளே! யாரும் அமுக்கல சார். பக்கம் பூராம் கேட்டுல அணைஞ்சு கெடக்கு!"

சிரித்தாள், நானும் சிரித்தேன். அன்றைக்கு முதன்முறையாக என்னை ஒரு மனுஷனாகப் பார்த்தாள்.

"உங்க போனு பகல்ல ஆன்லதான சார் இருக்கும்? குடுங்க, செயலிய ஏத்தித் தாரேன்." கையை நீட்டினாள்.

எங்கள் தீபாவளி மலர் வருவதே பட்டாசு விளம்பரத்தில்தான். அந்த முதலாளியின் விளம்பரமும் அதில் உண்டு. என் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

ஓவியா அதைப் பார்த்தாள். நீட்டிய கையைத் திருப்பி, லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.