திருப்பி வாங்கிய மனு

ஊரடங்கு அறிவித்த வாரமே எங்கள் விளையாட்டு விடுதியைப் பூட்டிவிட்டார்கள். கபடி அணியில் நான் ரைடு போவேன். சிவகிரிக்காரி ஒருத்தி கார்னரில் நின்று ஆள் பிடிப்பாள். டிரங்குப் பெட்டியோடு அவள் சிவகிரிக்குப் போனாள், நான் வடகரைக்கு வந்தேன். விடுதியில் தினமும் முட்டையும் பாலும் உண்டு. வீட்டில் அறுத்த நெல் விற்காமல் கிடந்தது. அப்பாவிடம் முட்டை கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் ஆடினால்தான் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியும். அடுத்த ஆண்டு எங்களுக்கு ஜூனியர் வயது தாண்டிவிடும். தென்காசியில் நாங்கள் பயிற்சி எடுத்த மைதானத்தில் காய்கறிச் சந்தை போட்டிருந்தார்கள்.

கொஞ்சம் தளர்வு வந்ததும் சிவகிரிக்காரி போன் செய்தாள்.

"ஏட்டி, ஒரு மனு எழுதுவோம். சந்தை மதியத்தோட முடிஞ்சிருதுல்லா, சாயங்காலம் கிரவுண்டத் தரட்டும். வேலையவிட்டு நிப்பாட்டுன நம்ம கோச்சத் திரும்ப எடுக்கட்டும். முட்டை, பாலுக்குள்ள காச வீட்டுக்கு அனுப்பட்டும். நீதான் தென்காசிக்குப் பக்கம், கொண்டு குடு."

தென்காசி விளையாட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி மனுவை முழுக்கப் படித்தார். கோபப்படவில்லை.

"ஏம்மா, ஆஸ்பத்திரில படுக்கக் கட்டில் இல்லாம சனம் அல்லாடுது. இப்பம் ஒங்களுக்கு முட்டை வேணும்னு நான் மேல எழுதணுமா? நீயே சொல்லு."

எனக்கு உடம்பே கூசிப்போனது. "வேண்டாம் சார்" என்று கையை நீட்டி மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

வரும் வழியில் மதுக்கடை வாசலில் சவுக்குக் கம்பு கட்டி வரிசை விட்டிருந்தார்கள். போலீஸ் பந்தோபஸ்து வேறு. இதற்கு மட்டும் ஆளும் காசும் எப்படி வந்தது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

சிவகிரிக்காரியிடம், "வாங்க மாட்டேன்னுட்டாரு" என்று சொல்லிவிட்டேன்.

போட்டி நடக்கவில்லை. மூன்றே மாதத்தில் அவளுக்குக் கல்யாணம் முடித்தார்கள். ஐம்பது பேருக்குமேல் கூடக் கூடாது என்பதால் செலவு மிச்சம் என்று அவள் வீட்டில் சந்தோஷப்பட்டார்களாம். சந்தை கிளம்பிய பிறகும் மைதானம் எங்களுக்குத் திரும்பி வரவில்லை. இப்போது அங்கே லாரிகள் நிற்கின்றன. கட்டிலா முட்டையா என்று கேட்டவர்கள் யாரும், முட்டையை நிறுத்தி எத்தனை கட்டில் வாங்கினார்கள் என்று சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். போன சீசனுக்கு அவள் புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் வந்து எங்கள் லாட்ஜிலேயே தங்கினாள். அருவியில் குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே என் முன்னால் நின்றாள்.

"அந்தாளு மட்டும் அன்னைக்கு மனுவ வாங்கியிருந்தாம்னா, நாம ரெண்டு பேரும் இப்பம் யூனிபார்ம்ல இருப்போம், என்னட்டி?"

"ஆமா" என்றேன். அவள் பிள்ளைகள் பசி என்று சிணுங்கின. பக்கத்தில் எந்த ஓட்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று அவள் புருஷனுக்கு வழி சொன்னேன்.