எங்கே என்று கேட்காத வீடு

வாயை மூடிக்கொண்டிருந்தால் குடும்பத்தில் குழப்பமே வராது என்று நம்பிய மேதை நான். கிளம்புகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது எங்கள் வீட்டில் அபசகுனம் வேறு. அன்று காலை வாய் தவறி, சட்னியில் உப்பு கூடுதல் என்றேன். மனைவி உடனே சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். நானும் கேட்கவில்லை. மதியமாகியும் ஆளைக் காணோம். அழைத்தால் போன் அடுக்களையில் அடிக்கிறது. கோபித்துக்கொண்டு நாங்குநேரிக்கு, பிறந்த வீட்டுக்கே போய்விட்டாள் என்று பயந்து, மைத்துனனை அழைத்து எடுத்த எடுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

“அக்கா இங்கன வரலியே அத்தான். அவள என்ன சொன்னிய?” என்று அலறியவன், வீட்டாரோடு வேனில் வந்து இறங்கினான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து மனைவி ஓடிவந்தாள். “எங்கன்னு ஒரு வார்த்த கேட்டா என்னவாம்?”

“கேட்டா போற காரியம் வெளங்காதுன்னு ஏசுவ. கேக்காட்டியும் ஏசுத!”

எதிர்வீட்டு வளைகாப்புக்குக் காலையிலிருந்து அங்கே கைமுறுக்கு சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.