கற்பூரம் ஏற்றிப் படித்த கதை

கற்பூர வாசம் மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குக் கோயில் நினைவு வரும். எனக்கோ சூரமங்கலத்துக் கல்யாண மண்டபமும், அங்கே ஓர் எழுத்தாளர் உடுக்கைச் சத்தத்தோடு தன் கதையைப் படித்த சாயங்காலமும்தான் நினைவுக்கு வருகின்றன. கற்பூரம் ஏற்றாமல் உடுக்கையைத் தொடமாட்டேன் என்று உடுக்கைக்காரர் சொல்லிவிட்டாராம். அது போதாதா? கதை கேட்க வந்த சனமெல்லாம் செருப்பை வாசலில் விட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்துவிட்டது.

அந்த எழுத்தாளர் முன்பு எங்கள் மாடி அறையில் குடியிருந்தவர். தெருவில் அவருக்குப் பெயர் "எழுத்துக்காரர்". குழாயடிச் சண்டையைக்கூட நின்று முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவார் என்பதால் என் அம்மாவுக்கு அவர்மேல் எப்போதும் ஒரு கண். அவர் இருந்த காலத்தில்தான் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வாழப்பாடிக்குத் தையல் பழகப் போய்ப் பாதியிலேயே திரும்பி வந்து, யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தாள். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு நாமக்கல்லில் ஒரு லாரிக்காரர் குடும்பத்தில் அத்தைக்குச் சம்பந்தம் முடிவான நேரத்தில் இந்தக் கதைக் கூட்டம் வந்து சேர்ந்தது.

"ஏனுங்க, நம்மூட்டுக் கதையத்தான் எழுதியிருப்பான். மாப்பிள்ளையோட அக்காளும் வருதாமா. போய்ப் பாத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள் அம்மா.

"மடியில கனமில்லீனா வழியில என்ன பயம்?" என்றார் அப்பா. கனம் இருந்ததா இல்லையா என்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கதையில் ஒரு வீடு வந்தது. அதற்கு நீலக் கேட். எங்கள் கேட்டும் நீலம்தான். அம்மா அப்பாவின் தொடையைக் கிள்ளினாள். வாசலில் முருங்கை மரம் வந்தது, மறுபடியும் கிள்ளினாள். ஊரில் முருங்கை இல்லாத வீடு எது என்று யோசிக்க எங்களுக்கு ஏது பொறுமை? முன்வரிசையில் மாப்பிள்ளையின் அக்கா கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கதைப்பெண் விடியற்காலையில் துணிப்பையோடு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றாள். "அவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்றால்..." என்று எழுத்தாளர் இழுக்க, உடுக்கை உச்சத்துக்கு ஏறியது. அந்த நேரம் பார்த்து என் பக்கத்திலிருந்த அத்தை "ஊய்" என்று கத்திக்கொண்டு, கூந்தல் அவிழ, எழுந்து ஆட ஆரம்பித்தாள்.

"சாமி வந்துருச்சு!" என்று மண்டபமே எழுந்துவிட்டது. யாரோ மஞ்சள் தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். மிரண்டுபோன எழுத்தாளர், "அண்ணனுக்காகத்தாங்க காத்திருந்தா! அவ அண்ணனுக்காக!" என்று மைக்கில் கத்தியதை யாரும் சட்டை செய்யவில்லை. மாப்பிள்ளையின் அக்கா கைகூப்பி, "எங்கூட்டுக்கு நல்லது நடக்குமா சாமி?" என்று கேட்க, "நடக்கும், போ!" என்று வாக்குக் கொடுத்தாள் அத்தை. அப்புறம் முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கண் திறந்து, "என்னங்க அண்ணி நடந்துச்சு? எனக்கு ஒன்னுமே நெனப்பில்லீங்களே" என்றாள். சாமி வந்தவர்களுக்கு ஆடியபோது நடந்தது எதுவும் நினைவிருக்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெய்வ அம்சமுள்ள பெண் என்று கல்யாணமும் சீக்கிரமே நடந்தது. எனக்கு மட்டும் அந்தச் சாமி வந்த நேரத்தின்மேல் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

போன மாதம் சேலத்தில் ஒரு கதை வாசிப்புக்கு அத்தையையும் அழைத்துப் போனேன். வழியில் பார்த்தால் அந்தக் கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் சோபாக் கடை. கூட்டத்திலும் கற்பூரம் இல்லை. செருப்பை யாரும் கழற்றவில்லை. உடுக்கைச் சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது. நான் கதையைக் கேட்கவில்லை, அத்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவே இல்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அத்தை சொன்னாள்: "அன்னைக்குப் பாவம் அந்த எழுத்துக்காரரு, அண்ணனுக்குத்தான் காத்திருந்தாள்னு மைக்குல அந்தக் கத்துக் கத்துனாரு. அதக் கொஞ்சம் முன்னாடியே சொல்லியிருந்தா நான் எதுக்கு சாமி ஆடப்போறேன்?"