பஸ்தியான் கட்டிய குழிகள்

சிலாபத்துக்கு வடக்கே கடலோர ஊரொன்றில், பஸ்தியான் மேசன் கட்டிய வீடுகளை யாரும் பெரிதாகப் புகழமாட்டார்கள். சுவர்கள் சில கொஞ்சம் சரிவுதான். ஆனால் அவர் கட்டிய கக்கூசுக் குழி என்றால் ஊரே கையெடுத்துக் கும்பிடும். அவை நிறைவதே இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் குழி உறிஞ்சும் பவுசர் வண்டிக்காகப் பிரதேச சபை வாசலில் தவம் கிடக்க, இந்த ஊருக்கு அந்தப் பவுசர் வழி தவறித்தான் வந்திருக்கிறது.

சூட்சுமம் ஒன்றும் பெரிதில்லை. அடியில் கொங்கிறீட் போடமாட்டார், வெறும் மணல். கீழ்வரிசைக் கற்களுக்கிடையே சீமெந்தும் வைக்கமாட்டார். வீட்டுக்காரருக்குச் செலவு மிச்சம், பஸ்தியானுக்குப் பெயர் லாபம். கலியாண வீடுகளில் அவருக்கு முன்வரிசைக் கதிரை கிடைத்தது இந்தப் பெயரால்தான். சாப்பாட்டு நேரத்திலும் அவர் அதையே கதைக்கத் தொடங்கினால் மட்டும் மனைவி அனஸ்தாசியா தொடையில் கிள்ளுவாள்.

இந்த வருடம் பிரதேச சபை புது விதி கொண்டுவந்தது. எல்லா வீட்டுக் குழிகளையும் திறந்து பார்க்கவேண்டும், அடி ஒழுகக்கூடாது, கிணற்றுக்குக் கிட்ட இருக்கக்கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தினுஷன் முதலில் பஸ்தியான் வீட்டுக்குத்தான் வந்தார். பஸ்தியான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தானே இரும்பு அலவாங்கால் மூடியை நெம்பித் திறந்தார்.

தினுஷன் டோர்ச் அடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது.

“பாத்தீங்களா சேர்? கட்டின நாள்ல இருந்து ஒருக்காலும் இறைச்சதில்ல.”

“அப்ப இவ்வளவு காலமும் உள்ள போனதெல்லாம் எங்க ஐயா?”

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் கேட்டுக்கொண்டதில்லை. “மண்ணுக்குள்ள” என்றார்.

“மண்ணுக்குள்ள போய்?”

பஸ்தியானின் கண் தானாக வேலிக்கு அப்பால் போனது. மகள் டயனாவுக்குச் சீதனமாகக் கொடுத்த காணி. அதில் ஒரு கிணறு. இடம் பார்த்து வெட்டுவித்தவரும் அவர்தான். டயனாவின் மகன் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்து வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அது இரண்டாம் தடவை. பிள்ளை வாங்கிக் குடித்த ஐஸ் பக்கற்தான் காரணமென்று கடைக்காரனோடு பஸ்தியான் சண்டைக்கே போயிருந்தார்.

“அந்தக் கிணத்துத் தண்ணியையும் சோதிக்கவேணும்” என்று சொல்லிவிட்டுத் தினுஷன் அடுத்த வீட்டுக்குப் போனார்.

பஸ்தியான் வேலியடிக்குப் போனார். டயனா தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“இந்தத் தண்ணிய இனிப் பிள்ளைக்குக் குடுக்காத மகள். என்ட குழி நிறையிறதில்ல.”

“அது ஊருக்கே தெரியுமே அப்பா” என்று டயனா சிரித்தாள்.

அவர் விளக்கிச் சொல்லவேண்டியதாயிற்று. கல், இடைவெளி, மணல், ஊற்று என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டயனாவின் சிரிப்பு நின்றது. வாளித் தண்ணீரை நிலத்தில் கவிழ்த்தாள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“ஊர்ல எத்தின வீட்டுக்குக் கட்டினீங்க அப்பா?”

அடுத்த வீட்டு வளவில் தினுஷன் மூடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை; அதைத் திறக்கும் தேவை அவர்களுக்கு வந்ததே இல்லை. பஸ்தியான் அலவாங்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார்.

“தள்ளுங்க சேர், நான் காட்டுறன். இந்த ஊர்ல எல்லாம் நான் கட்டினதுதான்.”