கரகாலின் பெட்டிக்குள் ஒரு கை

2006 பெப்ரவரி டயறியில் என் கையெழுத்தில் இருப்பது: ‘காலை 10.40. ஆபிரிக்கக் கரகால், ஆண். பெட்டி மூலையில் படுத்திருக்கிறது. நித்திரை.’ கடைசிச் சொல் பிழை.

லண்டன் ஹவுன்ஸ்லோவுக்கு அருகே விமானச் சரக்குக் கொட்டகை ஒன்றில் அப்போது எனக்குப் பகல் ஷிப்ட். உயிருள்ள சரக்கு வருகிறதென்றால் முதல்நாளே நூலகத்தில் அதைப் பற்றி வாசித்துவிடுவேன். கரகால் காட்டுப்பூனை இனம். செம்மண் நிறம், காதுநுனியில் கறுப்புக் குஞ்சம். வறண்ட புதர்க்காட்டில் வாழும். நின்ற இடத்திலிருந்து எம்பி, பறக்கும் பறவையை அறைந்து வீழ்த்தும். பகலில் புதருக்குள் கிடந்து இருட்டியபின் வேட்டைக்குக் கிளம்பும். இவ்வளவையும் குறித்து வைத்திருந்தேன்.

அன்று என்னோடு வேலை செய்தவர் ஜெர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்திருந்த ஒரு தம்பி. டைல்ஸ் பதிப்பது அவர் தொழில். அந்த வேலைக்குச் சொந்தமாக ஒரு வான் வண்டி வாங்கக் காசு சேரும்வரை என்று எங்களோடு சரக்கு இழுத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்திருந்ததை அவர்தான் கண்டார்.

“அண்ணை, உது கடிக்குமோ?”

“பகலில உது எழும்பாது. நான் வடிவா வாசிச்சனான்.”

“நீங்கள் வாசிச்சது உதுக்குத் தெரியுமோ?” என்று சிரித்தபடி, கிண்ணத்தை நிமிர்த்தச் சிறுகதவைத் திறந்து வலது கையை விட்டார்.

அது பாய்ந்ததை நான் காணவில்லை. அலறல்தான் முதலில். முன்னங்கால்கள் இரண்டாலும் முழங்கையைக் கட்டிப்பிடித்து, கையைக் கவ்வி உள்ளே இழுத்தது. அவர் முகம் கம்பி வலையில் மோதிக் கிழிந்தது.

“அடியுங்கோ அண்ணை! அடியுங்கோ!”

மரப்பெட்டி உடைக்கும் இரும்புக் கம்பியை எடுத்து வலைக்கூடாகக் குத்தினேன். உள்ளே இருட்டு. இரத்தத்தில் கை எது, தலை எது என்று தெரியவில்லை. பூனையின் ஒரு கண் உடைந்தது. அப்போதும் பிடி தளரவில்லை. நிறுத்தாமல் குத்தினேன். எத்தனை தரம் என்று எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணிக் குறித்து வைக்கும் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். கடைசியில் பூனை பிடியை விட்டது.

குளிர்காலத்தில் கரகால் பகலிலும் வேட்டையாடும் என்பது அதே நூலின் அடுத்த பக்கத்தில் இருந்தது. அதை வாசிக்கமுன் நூலகம் பூட்டும் நேரமாகிவிட்டது. கொட்டகையில் அன்று எங்கள் மூச்சு புகையாக வந்துகொண்டிருந்தது.

அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். டைல்ஸ் வேலை அத்தோடு முடிந்தது. வைத்தியசாலையில் பார்க்கப் போனபோது, “பூனையிட்டையிருந்து நான் தப்பினதே உங்களாலதான் அண்ணை” என்றார். கட்டிலடியில் தொங்கிய அவருடைய வைத்தியக் குறிப்பை எடுத்து வாசித்தேன். அதில் ‘நசுங்கிய எலும்பு’ என்று மட்டுமே இருந்தது. நசுக்கியது பூனையின் பல்லா, என் கம்பியா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.