அச்சாகாத பத்தொன்பது அட்டைகள்

எங்கள் கந்தோரில் கடற்றொழிலாளர் அட்டை அச்சடிக்கிற வேலை எனக்கு. கடலுக்குப் போகிறவர்களின் விவரங்களைக் கொம்பியூட்டரில் பதிந்து, ஊர் ஊராகப் பிரித்து அட்டை அச்சடிக்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் 'அச்சிட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சரி அடையாளம் விழுந்தால் அந்த ஆளின் அட்டை முடிந்தது. அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஆறு வருடமாக நானும் அதை நம்பியிருந்தேன்.

ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு அக்கா தன் கணவரின் அட்டையைக் கேட்டு வந்தார். பெயரைத் தட்டிப் பார்த்தேன். சரி அடையாளம் இருந்தது. அலுமாரியில் தேடினேன், அட்டை இல்லை.

"அச்சடிச்சாச்சு அக்கா. உங்கட ஊர் மீனவர் சங்கத்துக்குக் குடுத்து விட்டிருப்பினம். அங்க கேட்டுப் பாருங்கோ."

அடுத்த கிழமை திரும்ப வந்தார். சங்கத்திலும் இல்லையாம். நான் திரையைப் பார்த்துவிட்டு அதையே திரும்பச் சொன்னேன். மூன்றாம் முறை வந்தபோது கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அட்டை இல்லையெண்டு நேவிக்காரர் அவரைக் கரையிலயே திருப்பி அனுப்பிப் போட்டினம் பிள்ளை. படகுக்காரர் இப்ப வேற ஆளைப் பிடிச்சிட்டார்."

"நான் என்ன செய்யிறது அக்கா? இதில அச்சடிச்சது எண்டுதானே காட்டுது."

சொன்னதோடு நிற்காமல் திரையை அவர் பக்கம் திருப்பியும் காட்டினேன். அதை நினைக்க இப்போதும் கூசுகிறது. அவர் எழும்பிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருநாள், நாற்பது அட்டைகளை அச்சுக்கு அனுப்பினேன். பதின்மூன்றாவதில் பிறின்டர் இறுகி நின்றுவிட்டது. தாளை இழுத்து எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தால், நாற்பது பெயருக்கும் சரி விழுந்திருந்தது. கொழும்பில் அந்த மென்பொருளைச் செய்து தந்தவருக்கு உடனே போன் எடுத்தேன்.

"அச்சுக்கு முன் பார்க்கிற பிரிவியூ திறந்த உடனேயே சரி விழும் மிஸ். தாள் வெளியே வந்ததா இல்லையா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?"

ஓலைத்தொடுவாய் அட்டைகளை அச்சடித்த அன்று இடையில் கரண்ட் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கரண்ட் வந்ததும், எல்லாப் பெயருக்கும் சரி விழுந்திருந்ததைப் பார்த்து, முடிந்துவிட்டது என்று அடுத்த ஊர் அட்டைகளுக்குப் போயிருந்தேன்.

அட்டை வாங்கியவர்கள் கையெழுத்து வைக்கும் புத்தகத்தையும் அலுமாரியையும் பெயர்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கண் எரிந்தது. எங்கேயும் இல்லாத அட்டைகள் பத்தொன்பது. பட்டியலை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன்.

"ஒராளுக்கு ரெண்டு அட்டை போகக் கூடாது. மறுபடி அச்சடிக்க மேலிடத்தில அனுமதி கேட்டு எழுதுங்கோ."

"சேர், முதல் அட்டையே வெளியில வரேல்லை."

"சிஸ்டத்தில வந்ததாத்தானே கிடக்கு."

அந்த அக்காவிடம் நான் சொன்னதும் இதுதானே. வராத அட்டையைத் திரும்ப அச்சடிக்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வர மூன்று கிழமை ஆனது.

அட்டைகளை அச்சடித்ததும் சங்கத்துக்குக் கொடுத்து விடாமல், ஒரு சனிக்கிழமை ஓலைத்தொடுவாய்க்கு நானே பஸ் ஏறினேன். அக்கா முற்றத்தில் மீன் காயப் போட்டுக்கொண்டு நின்றார். கையைச் சீலையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவர் முருங்கன் பக்கம் போய் நெல் மூட்டை தூக்கிறார். கிழமைக்கு ஒருக்காத்தான் வாறவர். முதுகு ஏலாதெண்டு சொல்லுறார்."

"பிழை என்னிலதான் அக்கா. திரையை நம்பாம நான் அப்பவே சரிபாத்திருக்க வேணும்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுத் தந்தார். கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோ பிள்ளை. நாங்கள் வேற வழி பாப்பம்."

அட்டை அச்சாகிக் கையில் கிடைத்ததைப் பதிய இன்னொரு கட்டம் வேண்டும் என்று கொழும்புக்கு எழுதினேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு கொப்பியில் கோடு போட்டு, தாள் வெளியே வர வர ஒவ்வொரு பெயராக எழுதுகிறேன். கொம்பியூட்டர் இருக்கும்போது இது ஏன் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்கிறார். விளக்கம் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது.